முதல் பூச்சைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்

பிளாஸ்டிக் மாடல் செய்கிறவர்கள் நாலு பேர் கூடும் இடத்தில் ஒரு தீர்ப்பு எப்போதும் தயாராக இருக்கிறது: அக்ரிலிக் பெயின்ட் பிரஷ்ஷுக்கு ஆகாது. பிரஷ்தான் பிடிப்பேன் என்றால் எனாமலுக்குப் போக வேண்டும். அக்ரிலிக்தான் வேண்டும் என்றால் ஏர்பிரஷ்ஷும் கம்ப்ரஸரும் வாங்க வேண்டும். இரண்டுக்கும் வழியில்லாதவர் திட்டுத்திட்டாக, கோடுகோடாக நிற்கும் நிறத்தோடு சமாதானமாகிவிட வேண்டும். தன் முதல் விமானத்துக்குப் பெயின்ட் அடித்துப் பார்த்த ஒரு பள்ளி மாணவன், “ரெண்டு தடவை அடிச்சும் அடியில பிளாஸ்டிக் தெரியுதே, என்ன செய்யலாம்?” என்று கேட்டால், அவனுக்குப் பதிலாகக் கிடைப்பது கருவிகளின் விலைப்பட்டியல்.

இந்தத் தீர்ப்பை நான் மறுக்கிறேன். ஏர்பிரஷ் மேல் எனக்கு விரோதம் இல்லை. அதற்குரிய இடத்தைப் பின்னால் சொல்கிறேன். ஆனால் பெயின்ட் சரியாக மூடாமல் போவதற்கு அக்ரிலிக்கைக் குற்றம் சொல்வதும் பிரஷ்ஷைக் குற்றம் சொல்வதும் தவறு. பெயின்ட் எப்படி மூடுகிறது என்பது பற்றிய தப்பான எண்ணமும், அந்த எண்ணம் கொண்டுவரும் அவசரமும்தான் காரணம்.

எதிர்த்தரப்பின் வாதத்தை முதலில் குறைக்காமல் எடுத்துவைக்கிறேன். அக்ரிலிக் சீக்கிரம் காய்கிறது. பிரஷ் தடம் சமமாவதற்குள் இறுகிவிடுகிறது. மெல்லிசாக அடித்தால் மூடுவதில்லை. தடிமனாக அடித்தால் பேனல் கோடுகளும் ரிவெட்டுகளும் அடைந்துபோகின்றன. மஞ்சள், சிவப்பு, வெள்ளை மூன்றும் எத்தனை முறை அடித்தாலும் அடித்தளத்தைக் காட்டிக்கொண்டே இருக்கின்றன. சின்னச் சின்ன உருவங்களுக்குப் பிரஷ் சரி. விமானத்தின் இறக்கை, கப்பலின் பக்கவாட்டு போன்ற பெரிய பரப்புகளுக்குச் சரிப்படாது. கடைசியாக, உண்மையான விமானத்தில் பிரஷ் தடம் இல்லை, அதனால் மாடலிலும் இருக்கக் கூடாது. இப்படிச் சொல்கிறவர்கள் தங்கள் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறார்கள். பார்த்தது உண்மை. அதிலிருந்து எடுத்த முடிவுதான் பொய்.

முதல் குழப்பம் பாட்டிலின் மேல் இருக்கும் பெயரிலேயே தொடங்குகிறது. அக்ரிலிக் என்ற ஒரே பெயரில் கடையில் இருப்பவை ஒரே பொருள் அல்ல. ஜப்பானின் ஷிஸுவோகா நகரத்து தமியா நிறுவனத்தின் எக்ஸ், எக்ஸ்எஃப் வரிசைப் பாட்டிலைத் திறந்தால் ஆல்கஹால் வாடை வரும். அதில் பிசின் ஆல்கஹாலும் கிளைக்கால் ஈதரும் சேர்ந்த கரைப்பானில் கரைந்திருக்கிறது. ஸ்பெயினின் வயேஹோ மாடல் கலரும், நாட்டிங்ஹாமில் இருக்கும் கேம்ஸ் வொர்க்‌ஷாப்பின் சிட்டாடலும் வேறு சாதி. அவற்றில் பிசின் கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகளாகத் தண்ணீரில் மிதக்கிறது. தண்ணீர் ஆவியானதும் துளிகள் ஒன்றோடொன்று நெருங்கி, நசுங்கி, ஒட்டி ஒரே படலமாகின்றன. ஒட்டி முடிந்த பிறகு தண்ணீர் அதைத் திரும்பக் கரைக்காது.

இந்த வேறுபாடு தெரியாமல் கொடுக்கப்படும் அறிவுரைதான் பாதித் தோல்விக்குக் காரணம். தமியாவின் இரண்டாம் பூச்சில் இருக்கும் கரைப்பான், அடியில் இருக்கும் முதல் பூச்சைத் தொட்டதும் இளக்கத் தொடங்கும். ஒரே இடத்தில் பிரஷ்ஷை மூன்று நான்கு முறை ஓட்டினால் கீழ்ப்பூச்சு கிளம்பி, உருண்டு, பிளாஸ்டிக் பல்லிளிக்கும். எனவே தமியாவுக்கு ஒரு நாள் இடைவெளி வேண்டும், அந்நிறுவனத்தின் எக்ஸ்-20ஏ தின்னர் வேண்டும், காய்வதைத் தாமதப்படுத்தும் ரிட்டார்டர் கொஞ்சம் வேண்டும். ஓட்டிய தடத்தில் பிரஷ் திரும்பப் போகக் கூடாது. வயேஹோவுக்கு அரைமணி நேரம் போதும், தண்ணீர் போதும். ஆனால் அதில் ஆல்கஹாலை ஊற்றினால் பெயின்ட் திரிந்து கட்டியாகிவிடும். ஒன்றுக்குச் சொன்ன வழியை இன்னொன்றுக்குச் செய்துவிட்டு, “அக்ரிலிக்கே இப்படித்தான்” என்று முடிவுகட்டுவது எந்த ஊர் நியாயம்?

இனி மையமான விஷயத்துக்கு வருகிறேன். மூடுவது என்றால் என்ன? ஒரு பூச்சிலேயே அடித்தளம் மறைய வேண்டும் என்பதுதான் பெரும்பாலோர் மனத்தில் இருக்கும் அளவுகோல். மறையவில்லை என்றால் இன்னும் தடிமனாக அப்புகிறார்கள். அது காயும் முன்பே மீண்டும் தொடுகிறார்கள். கோளாறு ஆரம்பிக்கும் இடம் இதுதான்.

ஒரு மெல்லிய பூச்சு, அடித்தளத்தின் நிற வேறுபாட்டில் நூற்றுக்கு 60ஐ மறைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 40 தெரிகிறது, பார்க்கச் சகிக்காது. இரண்டாம் பூச்சு அந்த நாற்பதில் அதே விகிதத்தை மறைக்கும், மிச்சம் 16. இன்னும் திட்டுத்திட்டாகத்தான் இருக்கும். மூன்றாம் பூச்சில் மிச்சம் 6.4. நான்காம் பூச்சில் 2.56. பூச்சுக்குள் ஒளி நடந்துகொள்ளும் விதம் இந்த எளிய கணக்கைவிடச் சிக்கலானது. 1931இல் குபெல்கா, முங்க் இருவரும் அதற்கென்றே சமன்பாடுகள் வகுத்தார்கள். ஆனால் போக்கு இதுதான்: ஒவ்வொரு பூச்சும் முந்தையது விட்டுவைத்ததைப் பெருக்கல் கணக்கில் குறைக்கிறது. பெயின்ட் தொழிற்சாலைகளில் மூடும் திறனைச் சோதிக்க, பாதி கறுப்பும் பாதி வெள்ளையுமான அட்டையில் பெயின்டைத் தடவுவார்கள். கறுப்பின் மேலிருந்து திரும்பும் ஒளியை வெள்ளையின் மேலிருந்து திரும்பும் ஒளியால் வகுத்தால் 0.98 வர வேண்டும்; வந்தால் முழுதாக மூடிவிட்டதாகக் கணக்கு. இரண்டாவது பூச்சோடு நிறுத்தி, “மூடவில்லை” என்று பிரஷ்ஷைக் கீழே போடுகிறவர், இன்னும் இரண்டு பூச்சில் கைக்கு வரவிருந்ததை விட்டுவிட்டுப் போகிறார்.

பிரஷ் பூச்சில் இன்னொரு வசதியும் உண்டு. ஒரு பூச்சில் எங்கே மெல்லிசாக விழுந்ததோ, அடுத்த பூச்சிலும் அதே இடத்தில்தான் மெல்லிசாக விழும் என்பதில்லை. திசையை மாற்றி அடித்தால் ஒன்றின் பள்ளத்தில் மற்றொன்றின் மேடு விழுகிறது. வீட்டுச் சுவருக்கு வெள்ளையடிக்கிற எந்தப் பெயின்டரும் முதல் கோட்டைப் பார்த்துவிட்டுச் சுண்ணாம்பைத் திட்டுவதில்லை. குறுக்கே ஒரு கோட், நெடுக்கே ஒரு கோட், காய்ந்த பிறகுதான் பேச்சு. சுவருக்கு நாம் கொடுக்கும் பொறுமையை ஒரு சாண் இறக்கைக்குக் கொடுக்க மறுக்கிறோம்.

மூடுவதைப் பற்றி இன்னும் ஒரு தெளிவு வேண்டும். நம் கண் தேடுவது பிளாஸ்டிக் மறைந்ததா என்பதை அல்ல. பரப்பு முழுவதும் ஒரே நிறமாக இருக்கிறதா என்பதை. சாம்பல் பிளாஸ்டிக், ஒட்டிய இடத்தில் வெள்ளைப் பட்டி, தேய்த்த இடத்தில் வேறு மினுமினுப்பு என்று அடித்தளமே மூன்று விதமாக இருந்தால், அந்த மூன்றையும் ஒன்றாக்கும் சுமை முழுதும் மேல்பெயின்டின் தலையில் விழுகிறது. அந்த வேலைக்கு இருப்பது பிரைமர். பிரைமர் அடித்த பரப்பு எங்கும் ஒரே நிறம். அதன் மேல் முக்கால்வாசி மூடும் பெயின்ட்கூட முழுதாக மூடியதுபோலச் சீராக நிற்கும். பிரைமரைப் பிரஷ்ஷாலேயே அடிக்கலாம். ஸ்ப்ரே டப்பா கிடைத்தால் அதாலும் அடிக்கலாம். அதைத் தவிர்த்துவிட்டு மேல்பெயின்டைப் பழிப்பவர், தான் செய்யாத வேலைக்கு அடுத்தவரைக் குற்றம் சொல்கிறார்.

பிரைமர் இன்னொரு காரணத்துக்காகவும் தேவை. தண்ணீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன் அளவு. பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கின் மேல் ஒரு திரவம் தானாகப் பரவ வேண்டுமென்றால் அதன் இழுவிசை 33 அளவுக்கு இறங்க வேண்டும். அதனால்தான் வெறும் பிளாஸ்டிக்கில் நீர்த்த அக்ரிலிக் முத்து முத்தாகத் திரண்டு விலகுகிறது. பெயின்டில் கலந்திருக்கும் பரவலூக்கிகள் இந்த இழுவிசையைக் குறைக்கின்றன. நாம் தண்ணீரை அள்ளி ஊற்றினால் அவையும் நீர்த்துப்போகின்றன. வார்ப்பு அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப்பசை பாகங்களில் மிச்சமிருந்தால் நிலைமை இன்னும் மோசம். பாத்திரம் கழுவும் சோப்புத் திரவத்தில் பாகங்களைக் கழுவி, நிழலில் உலர்த்தி, பிரைமர் அடித்துவிட்டால், “அக்ரிலிக் ஒட்டவே ஒட்டாது” என்கிற புகார் அதோடு முடிந்துபோகும்.

அடுத்து பிரஷ் தடம். இதுதான் எதிர்த்தரப்பின் பலமான ஆயுதம். ஆனால் தடம் எப்படி மறைகிறது என்று தெரிந்தால் ஆயுதம் கைமாறிவிடும். ஈரமான பெயின்டின் மேடுபள்ளம் சமமாக எவ்வளவு நேரமாகும் என்பதை 1962இல் ஆர்ச்சர்ட் என்ற ஆய்வாளர் கணக்கிட்டுக் காட்டினார். பெயின்டின் பிசுக்கு அதிகமானால் நேரம் கூடும். பூச்சின் தடிமன் குறைந்தால் மிகவும் கூடும். தடங்களுக்கு இடையே உள்ள தூரத்தைப் பொறுத்து நான்காம் அடுக்கில் மாறும். இந்த நான்காம் அடுக்கைக் கவனியுங்கள். தடங்களின் இடைவெளி பாதியானால் சமமாகும் நேரம் பதினாறில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. முரட்டு முடி கொண்ட மலிவான பிரஷ் அகலமான வரப்புகளை விட்டுச் செல்லும். நெருங்கிய, மென்மையான முடி கொண்டது நெருக்கமான நுண்வரிகளை விடும். முன்னது இறுகும்வரை அப்படியே நிற்கிறது. பின்னது பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடங்குகிறது. ஏர்பிரஷ்ஷுக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்கச் சொல்கிறவர்கள், அதில் சிறு பங்கை நல்ல மென்மையான தட்டைப் பிரஷ்ஷுக்குச் செலவழிக்கச் சொல்லாதது ஏன்?

மெல்லிய பூச்சு சமமாவதற்கு அதிக நேரம் எடுக்கும் என்று அதே கணக்கு சொல்கிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. விடை மூன்று. பெயின்டை நீர்க்கச் செய்யும்போது பிசுக்கும் குறைகிறது. மெல்லிய பூச்சில் வரப்பின் உயரமே சொற்பம். முழுதாகச் சமமாகாவிட்டாலும் காய்ந்தபின் கண்ணுக்கு எட்டாது. மூன்றாவது, சமமாகத் தேவையான நேரத்தை நாமே வாங்கித் தரலாம்; ரிட்டார்டர் இருப்பது அதற்குத்தான். பெயின்டில் ஓரிரு துளி போதும். கூடிப்போனால் பூச்சு நாள்கணக்கில் பிசுபிசுக்கும். எனாமல் பெயின்ட் பிரஷ்ஷில் அழகாக அமர்வதாகப் புகழ்கிறார்கள். அது மெதுவாகக் காய்வதால்தான் அமர்கிறது. அதே அவகாசத்தை அக்ரிலிக்குக்கும் கொடுத்துவிட்டுப் பிறகு இரண்டையும் ஒப்பிடட்டும்.

நம் ஊர் வெயிலில் இது இன்னும் முக்கியம். சித்திரை மாத மதியத்தில், ஓடுகிற மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து அடித்தால், தட்டில் இருக்கும் பெயின்ட் கண்ணெதிரே தோல் கட்டும். தோல் கட்டிய பெயின்டைப் பிரஷ் இழுக்கும்போது படலம் கிழிகிறது. அதைத்தான் பலர் பிரஷ் தடம் என்று எண்ணுகிறார்கள். விசிறியை நிறுத்திவிட்டு, காலையிலோ இரவிலோ அடியுங்கள். ஒரு மூடி போட்ட தட்டை டப்பாவில் ஈரப் பஞ்சை விரித்து, மேலே பட்டர் பேப்பரைப் பரப்பினால் ஈரத் தட்டு தயார். நீரில் கரையும் அக்ரிலிக் அதன் மேல் மணிக்கணக்கில் இளக்கமாகவே இருக்கும். தமியாவுக்கு இந்தத் தட்டு ஒத்துவராது. அதைச் சிறு கிண்ணத்தில் தின்னரோடு கலந்து உடனுக்குடன் பயன்படுத்த வேண்டும்.

மஞ்சளும் வெள்ளையும் சிவப்பும் மூடுவதில்லை என்ற குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. ஆனால் குற்றவாளி பிரஷ் அல்ல, நிறமி. நிறமித்துகளின் ஒளிவிலகல் எண்ணுக்கும் அதைச் சுற்றியுள்ள பிசினின் எண்ணுக்கும் இடைவெளி எவ்வளவு அதிகமோ அவ்வளவுக்கு ஒளி சிதறும். அவ்வளவுக்கு அடித்தளம் மறையும். அக்ரிலிக் பிசினின் எண் சுமார் 1.49. ரூட்டைல் வகை டைட்டானியம் டையாக்ஸைடின் எண் சுமார் 2.7. இன்று மாடல் பெயின்டில் புழங்கும் கரிம மஞ்சள், கரிமச் சிவப்பு நிறமிகள் பலவற்றின் எண் பிசினுக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. ஒளி ஊடுருவிப் போய்விடுகிறது. முன்பு நன்றாக மூடிய ஈயக் குரோமேட்டும் காட்மியமும் நச்சு என்பதால் ஒதுக்கப்பட்டன. ஏர்பிரஷ்ஷில் அடித்தாலும் இந்த நிறமிகளின் குணம் மாறாது. ஏர்பிரஷ் பிடிப்பவர் ஏழெட்டு மென்படலங்களை ஒன்றன்மேல் ஒன்றாகத் தூவுகிறார். அவை அடுத்தடுத்துக் காய்ந்துவிடுவதால் அத்தனையும் சேர்த்து ஒரே பூச்சு என்று நினைக்கிறார். பிரஷ்காரர் நான்கு பூச்சு அடித்தால் மட்டும் அது குறையாகிவிடுமா?

வழி எளிது. 1/72 அளவில் ஒரு டைகர் மாத் பயிற்சி விமானத்தை எடுத்துக்கொள்வோம். பிரிட்டிஷ் விமானப்படையில் அதன் அடிப்பக்கம் பளிச்சென்ற மஞ்சள். கருஞ்சாம்பல் பிரைமர் மேல் அந்த மஞ்சளை அடித்தால் பச்சை கலந்த அழுக்கு நிறம் வரும். ஆறு பூச்சுக்குப் பிறகும் உயிர் வராது. மாறாக, வெளிர் பிரைமர் மேல் ஒரு பூச்சு காவி கலந்த வெளிர் பழுப்பு அடியுங்கள். இரும்பு ஆக்ஸைடு சேர்ந்த காவி நன்றாக மூடும் நிறமி; வெளிர் பழுப்பில் டைட்டானியம் வெள்ளையும் சேர்ந்திருக்கும். அது பரப்பை ஒரே நிறமாக்கிவிடும். அதன் மேல் மஞ்சள் மூன்று மெல்லிய பூச்சு. அடியிலிருக்கும் வெதுவெதுப்பான நிறம் மஞ்சளைத் தூக்கிக் காட்டும். சிவப்புக்கு அடியில் இளஞ்சிவப்போ செம்பழுப்போ அடிக்கலாம். வெள்ளைக்கு வெளிர் சாம்பல், அதன் மேல் தந்த நிறம், கடைசியாகத்தான் வெள்ளை. மூடாத நிறத்தை வலுக்கட்டாயமாக மூட வைக்கத் தேவையில்லை. மூடும் நிறத்தை அடியில் வைத்தால் வேலை முடிந்தது.

பெரிய பரப்புக்குப் பிரஷ் ஆகாது என்கிறார்களே, அந்தப் பெரிய பரப்பு எவ்வளவு பெரியது என்று அளந்து பார்த்திருக்கிறார்களா? ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் இறக்கை நுனிக்கு நுனி 11.23 மீட்டர். 1/72 மாடலில் அது 15.6 சென்டிமீட்டர், ஒரு பக்கத்து இறக்கை உள்ளங்கைக்குள் அடங்கும். அந்தப் பரப்பும் ஒரே வெளியாக இல்லை. பேனல் கோடுகள் அதைச் சிறுசிறு கட்டங்களாகப் பிரித்துத் தந்திருக்கின்றன. இதைத் தூரத்தில் நின்று பேசுவதைவிட ஒரு பூச்சை அருகிருந்து பார்ப்பது நல்லது.

சுமார் 8 மில்லிமீட்டர் அகலமுள்ள தட்டைப் பிரஷ், வயேஹோ வகை அக்ரிலிக். முதலில் பிரஷ்ஷைத் தண்ணீரில் நனைத்துத் துணியில் ஒற்றி எடுங்கள். உலர்ந்த முடி பெயின்டை உறிஞ்சி அடிவரை இழுத்துக்கொள்ளும், அங்கேயே காய்ந்து பிரஷ்ஷையும் கெடுக்கும். பெயின்ட் இரண்டு பங்குக்குத் தண்ணீர் ஒரு பங்கு என்று கலக்கத் தொடங்குங்கள். தட்டைச் சாய்த்தால் பெயின்ட் மெதுவாக வழிந்து, வழிந்த தடத்தில் நிறத்தை விட்டுச் செல்ல வேண்டும். தடமே நிறமற்றுப் போனால் தண்ணீர் அதிகம். முடியின் பாதி நீளம் மட்டும் நனையும்படி தொட்டு, ஒரு பக்கத்தைத் தட்டின் ஓரத்தில் வழித்துவிடுங்கள். இறக்கையின் முன்விளிம்பிலிருந்து பின்விளிம்புக்கு ஒரே இழுப்பு. அடுத்த இழுப்பு பக்கத்தில், முந்தையதின் ஈர ஓரத்தை லேசாகத் தொட்டபடி. ஒரு கட்டம் முடிந்தால் அடுத்த கட்டம்; முடிந்த இடத்துக்குப் பிரஷ் திரும்பக் கூடாது. ஒரு மூலையில் விட்டுப்போனது தெரியும், கை துடிக்கும், விட்டுவிடுங்கள். அந்த மூலை அடுத்த பூச்சின் வேலை.

இப்போது பார்த்தால் அருவருப்பாகத்தான் இருக்கும். ஒளி புகும் சவ்வுபோல, மேடுகளில் வெளுத்து, பள்ளங்களில் கருத்து. அரைமணி நேரம் கழித்து நெடுக்குவாக்கில் இரண்டாவது. இம்முறை நிறத்துக்கு உடல் வந்திருக்கும், மனம் கொஞ்சம் ஆறும். மூன்றாவது மறுபடி குறுக்கே. ஒரு நாள் விட்டு, தூசியோ முடியோ ஒட்டிய இடத்தை 2000 எண் உப்புத்தாளை நனைத்து மெல்லத் தேய்த்துவிட்டு நான்காவது. அதைக் காற்று ஓடும் திசையிலேயே இழுங்கள்; நுண்வரி ஏதும் மிஞ்சினாலும் விமானத்தின் இயல்போடு போய்விடும். நான்கும் காய்ந்தபின் அந்த இறக்கையை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் ரிவெட் குழிகள் அப்படியே இருக்கும். பட்டையாக அப்பிய ஒரு பூச்சுதான் குழிகளை அடைக்கும். நீரின் பங்கு ஆவியாகிப் போய்விடுவதால் மெல்லிய நான்கும் சேர்ந்து அதைவிடக் குறைவான தடிமன்தான்.

சில இடங்களில் இன்னமும் திட்டு தெரிகிறது என்பார்கள். பெரும்பாலும் அது நிறத் திட்டு அல்ல, மினுமினுப்புத் திட்டு. ஓரிடம் மங்கலாக, ஓரிடம் சற்றே பளபளப்பாகக் காய்ந்திருக்கும்; ஒளி வெவ்வேறாகத் திரும்புவதால் நிறமே வேறுபோலத் தோன்றும். மேலே பளபளப்பற்ற மேட் வார்னிஷ் ஒன்றை அடித்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். இதைத் தெரிந்துகொள்ளாமல் ஐந்தாவது, ஆறாவது பூச்சு அடித்து மாடலைக் கெடுத்துவிட்டு, பழியைப் பிரஷ் மேல் போடுகிறவர்கள் உண்டு.

உண்மை விமானத்தில் பிரஷ் தடம் இல்லை என்ற வாதம் வரலாறு அறியாதது. 1944 ஜூன் முதல் வாரத்தில், நார்மண்டியில் படைகள் இறங்குவதற்கு முன்பு, நேச நாட்டு விமானங்களுக்குக் கறுப்பு வெள்ளைப் பட்டைகள் அவசர அவசரமாகப் போடப்பட்டன. ஒற்றை எஞ்சின் விமானத்துக்குப் பட்டை அகலம் 18 அங்குலம், இரட்டை எஞ்சினுக்கு 24. அவற்றைப் போட்டவர்கள் களத்திலிருந்த தரைப் பணியாளர்கள். பெரும்பாலும் கைப் பிரஷ்ஷால். அன்றைய புகைப்படங்களில் கோணலும் தடமும் தெளிவாகத் தெரிகின்றன. 1943 பிப்ரவரி உத்தரவுக்குப் பிறகு ஜெர்மன் டாங்கிகள் ஆலையிலிருந்து மஞ்சள் நிறத்தில் வந்தன. பச்சையும் செம்பழுப்பும் பசையாகப் படைகளிடம் கொடுக்கப்பட்டன. அதைப் பெட்ரோலிலோ தண்ணீரிலோ கரைத்து, ஸ்ப்ரே கருவி இருந்தவர்கள் அதால் அடித்தார்கள். இல்லாதவர்கள் பிரஷ்ஷாலும் துணியாலும் பூசினார்கள். கிழக்குப் போர்முனையில் குளிர்கால வெள்ளை பல டாங்கிகளில் கையால்தான் அப்பப்பட்டது. இந்த மாடல்களில் ஏர்பிரஷ்ஷின் மாசற்ற வழவழப்புதான் வரலாற்றுப் பிழை.

இன்னொரு சாட்சியும் நம் கண்முன் இருக்கிறது. சிற்றுருவங்களுக்கு வண்ணம் தீட்டுவதற்காக கேம்ஸ் வொர்க்‌ஷாப் 1987இல் தொடங்கிய கோல்டன் டீமன் போட்டியில், உலகெங்கிலுமிருந்து வந்து வென்ற எத்தனையோ உருவங்கள் நீரில் கரையும் அக்ரிலிக்காலும் பிரஷ்ஷாலும் வண்ணம் பெற்றவை. கட்டைவிரல் உயர உருவத்தின் மேலங்கியில் வெளிச்சத்திலிருந்து நிழலுக்கு நிறம் வழுக்கிச் செல்வதை அங்கே பார்க்கலாம். உருவம் சிறியதாயிற்றே என்பார்கள். சிறியதில் பிரஷ் தடம் இன்னும் பெரிதாகத் தெரியும் என்பதை மறந்துவிட்டுச் சொல்லும் வாதம் அது. அந்த வட்டாரத்தில் பரவிய “இரண்டு மெல்லிய பூச்சு” என்ற மந்திரத்தில் எனக்கு ஒரே ஒரு திருத்தம் உண்டு: மெல்லிய என்பது சரி, இரண்டு என்பது நிறமியைப் பொறுத்தது. இரண்டில் மூடாததைத் தோல்வி என்று நினைத்துவிடக் கூடாது.

ஏர்பிரஷ் வெல்லும் இடங்கள் உண்டு, மறைக்கத் தேவையில்லை. ஜெர்மன் போர் விமானங்களின் பக்கவாட்டில் புகைபோல மங்கிக் கலக்கும் புள்ளிகள், கண்ணாடிபோலப் பளபளக்க வேண்டிய கார் உடல், பெயின்டே இல்லாத அலுமினிய விமானத்தின் உலோகத் தோற்றம், 1/72 அளவிலேயே 44 சென்டிமீட்டர் இறக்கை கொண்ட பி-17 போன்ற பெருவிமானங்கள். இவற்றில் அது நேரத்தை மிச்சப்படுத்துகிறது, சிலவற்றில் பிரஷ்ஷால் எட்ட முடியாததை எட்டுகிறது. வாங்க முடிந்தவர், புகையை வெளியேற்ற ஜன்னலும் முகமூடியும் சத்தத்தைப் பொறுக்கும் அண்டைவீட்டாரும் உள்ளவர் தாராளமாக வாங்கட்டும். ஆனால் ஒரு கருவி சில வேலைகளில் சிறந்தது என்பதிலிருந்து, அது இல்லாமல் எந்த வேலையும் ஆகாது என்ற முடிவுக்குத் தாவுவது வாதம் அல்ல.

இந்தத் தவறான தீர்ப்பால் வரும் கேடு சிறியதல்ல. கிட் வாங்கவே காசு சேர்த்தவன், அதைப்போல இன்னும் சில மடங்கு செலவழித்தால்தான் இந்தக் கலை கைகூடும் என்று கேள்விப்பட்டதும் விலகிப்போகிறான். அவன் திறமையற்றவன் என்று அவனுக்கே தோன்றும்படி செய்துவிடுகிறோம். ஏர்பிரஷ் வாங்கியவனுக்கும் நன்மை இல்லை. பெயின்டை எவ்வளவு கரைக்க வேண்டும், எந்த நிறம் எதன் மேல் உட்காரும், எப்போது தொடலாம், எப்போது தொடக் கூடாது என்பதைக் கையால் அறியாதவன், கருவி மாறினாலும் அதே தவறுகளை வேகமாகச் செய்கிறான். கொப்புளமும் சிலந்திவலைபோல் சிதறும் பெயின்டும் அங்கேயும் அவனைத் துரத்துகின்றன.

எனவே அறிவுரையின் வரிசையை மாற்ற வேண்டும். முதலில் கழுவச் சொல்லுங்கள். பிரைமர் அடிக்கச் சொல்லுங்கள். பாட்டிலில் இருப்பது எந்த வகை அக்ரிலிக் என்று பார்க்கச் சொல்லுங்கள். நல்ல தட்டைப் பிரஷ் ஒன்றை வாங்கச் சொல்லுங்கள். மெல்லிசாக அடித்து, காயவிட்டு, திசை மாற்றி, நிறம் நிறைகிறவரை திரும்ப அடிக்கச் சொல்லுங்கள். இவ்வளவையும் செய்த பிறகும் தன் மாடலுக்கு ஏர்பிரஷ் தேவை என்று ஒருவர் முடிவெடுத்தால் அது அறிந்து எடுத்த முடிவு. அதற்கு முன்பே, முதல் பூச்சின் அலங்கோலத்தைச் சாட்சியாக வைத்து அக்ரிலிக்கையும் பிரஷ்ஷையும் ஒதுக்கச் சொல்வது, வேலை பாதியில் இருக்கும்போதே விளைவை எழுதிவிடுவது. மெல்லிய பூச்சுகளை அடுக்கத் தெரிந்த கைக்கு அக்ரிலிக் முழுமையாக மூடும். அந்தக் கை யாருக்கும் வாய்க்கக்கூடியது. அதற்குக் கேட்கும் விலை பொறுமை மட்டுமே.